ஜன்னல் கட்டையில் ஓர் ஈரக் கை

கடலில் போன ஒரு பையனின் பெயரைச் சொல்லிக் கூட்டம் சேர்த்தவன் நான். திருவிழாவுக்கு அல்ல, தேர்தலுக்கும் அல்ல, ஒரு நூலகத்துக்கு. நல்ல காரியத்துக்குத்தானே என்று அன்றைக்கு என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். இந்த வயதில் அந்தச் சமாதானம் செல்லுபடியாவதில்லை.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. திருவொற்றியூரில் கடலை ஒட்டி, பழைய உப்புக் கிடங்கு ஒன்றை வாடகைக்குப் பிடித்து ஒரு கிளை நூலகம் திறந்திருந்தார்கள். என் சித்தப்பாதான் நூலகர். கோடை விடுமுறைக்கு என்னை அவரிடம் அனுப்பியிருந்தார்கள். உப்பு போய்விட்டாலும் அந்தக் கட்டடத்தை விட்டு அது முழுக்கப் போகவில்லை. சுவரில் வெள்ளையாகப் பூத்துக்கொண்டே இருக்கும். அலமாரியைத் திறந்தால் புத்தகங்கள் ஈரத் துணிபோல் கனக்கும். வெயில் எவ்வளவு அடித்தாலும் உள்ளே ஒரு குளிர்ச்சி உண்டு. அது பிடிக்கக்கூடிய குளிர்ச்சி அல்ல.

நூலகத்துக்கு யாரும் வரவில்லை. கோடை முடிவதற்குள் ஆள் சேரவில்லையென்றால் கிளையை மூடிவிடுவதாக மேலிடத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். சித்தப்பா சிறுவர்களுக்குக் கோடைக்காலக் கதை நேரம் என்று ஒன்றை ஏற்பாடு செய்தார். குப்பம் முழுவதும் நோட்டீஸ் கொடுத்தார். ‘படிக்கத் தெரியாதவர்களும் வரலாம்’ என்று அதில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. குப்பத்துப் பெண்கள் அதை வாங்கி, கருவாடு மடித்தார்கள். தண்டோராவும் போட்டுப் பார்த்தார். தண்டோரா போட்டவன் மட்டும் உள்ளே வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போனான்.

கதை படிக்கும் வேலை என்னுடையது. பள்ளிக்கூடத்தில் நன்றாக வாசிக்கிறவன் என்று எனக்குப் பெயர். அதில் கர்வமும் இருந்தது. உச்சிவேளை தாண்டி, மீன் விற்றுத் தீர்ந்து குப்பம் ஓய்ந்து கிடக்கும் நேரத்தில், காலி பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு சத்தமாகப் படிப்பேன். அட்டை போன ஒரு கதைப் புத்தகம். புயலில் சிக்கி ஆளில்லாத தீவில் ஒதுங்கிய ஒரு பையனின் கதை.

கேட்பதற்கு ஒரே ஒருவன் இருந்தான். கன்னியப்பன். என் வயதுதான் இருக்கும். குப்பத்துப் பையன். உள்ளே வரமாட்டான். கடல் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே நின்று, ஜன்னல் கட்டையில் ஒரு கையை வைத்துக்கொண்டு கேட்பான்.

“உள்ள வந்தா பொஸ்தகம்லாம் மீன் நாத்தம் அடிச்சிடும்பா” என்பான்.

இல்லை, வா என்று நான் ஒரு நாளும் சொல்லவில்லை. நான் நிறுத்தும் இடத்தில் எல்லாம் “அப்பால?” என்று கேட்பான். நாளைக்கு என்பேன். போய்விடுவான்.

ஒரு நாள் அவன் தகப்பனோடு கட்டுமரத்தில் போனான். அலை மரத்தைப் புரட்டியது. தகப்பன் கரை சேர்ந்தார், பையன் சேரவில்லை. உடலும் ஒதுங்கவில்லை. உடல் கிடைக்காமல் எப்படிக் காரியம் செய்வது என்று குப்பத்தில் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்கள்.

நானும் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டேன். கேட்க யாரும் இல்லையே.

பிறகு ஒரு நாள், கரையில் வலை உலர்த்திய இடத்தில் குப்பத்துப் பையன்கள் என்னைக் கேலி செய்தார்கள். “இன்னாடா, செவுத்துக்குக் கதை சொல்லிக்கினு இருந்தியாமே? செவுரு இன்னா சொல்லிச்சு?” என்று ஒருவன் கேட்டான்.

எனக்கு எப்படித்தான் வாயில் வந்ததோ. “சுவருக்கு இல்லை. கன்னியப்பன் இன்னும் வருகிறான். அந்த ஜன்னலில் நின்று ‘அப்பால?’ என்று கேட்கிறான்” என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. “பீலா வுடாத” என்றான் ஒருவன். அவன் குரலில் பலம் இல்லை. “மெய்யாலுமா?” என்றான் இன்னொருவன்.

மறுநாள் வந்தார்கள். அவர்கள் வருவதைப் பார்த்ததும் குடிநீர்ப் பானையில் கையை நனைத்து, ஜன்னல் கட்டையில் அழுத்தி வைத்தேன். ஐந்து விரலும் தெளிவாகப் பதிந்தன. படித்துக்கொண்டே போய் நிறுத்தினேன். வெளியே வெள்ளை வெயில். மணலில் ஒரு காக்கைகூட இல்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கை சுண்டுவிரலிலிருந்து ஆரம்பித்து மெல்ல மறைந்தது. நான் வைத்த கைதான். இருந்தும் எனக்கு முதுகு சில்லிட்டது.

அதற்குப் பிறகு பெஞ்சு போதவில்லை. பையன்கள் தங்கைகளைக் கூட்டிவந்தார்கள். தங்கைகள் அம்மாக்களைக் கூட்டிவந்தார்கள். கதை முடிந்துவிடக் கூடாதே என்று நான் ஒவ்வொரு நாளும் கொஞ்சம்தான் படிப்பேன். பயமான இடமாகப் பார்த்து நிறுத்துவேன். சித்தப்பா புதுப் பாய் வாங்கிப் போட்டார். அவர் சிரித்து அந்தக் கோடையில் அப்போதுதான் பார்த்தேன்.

பிறகு கன்னியப்பனின் அம்மா வந்தாள்.

அவளும் உள்ளே வரவில்லை. மகன் நின்ற இடத்திலேயே நின்றாள். ஈரத் தடத்தைப் பார்த்தாள். விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

“நல்ல தண்ணி” என்றாள். திரும்பி நடந்தாள்.

அதோடு நான் விட்டிருக்க வேண்டும். விடவில்லை. பொய் பிடிபட்டுவிட்டது, நாளை பெஞ்சு காலியாகிவிடும் என்ற பயம். மறுநாள் காலையில் ஒரு சொம்பை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனேன். நான் செய்த தப்பு இதுதான். முதல் பொய்யை விளையாட்டு என்று யாராவது மன்னிக்கலாம். சொம்பு எடுத்துப் போனதை விளையாட்டு என்று சொல்ல முடியாது.

அன்றும் அவள் வந்தாள். தொட்டாள். நாக்கில் வைத்தாள். அவள் முகம் மாறியதை நான் இன்றுவரை மறக்கவில்லை. உப்பைச் சுவைத்து ஒருவர் அப்படிச் சிரித்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

“வந்துட்டியா நைனா” என்றாள். என்னைப் பார்த்து அல்ல.

அதற்குப் பிறகு தினமும் வந்தாள். அன்றைய கதை நேரம் முடிந்து எல்லாரும் போன பிறகும் அங்கேயே நிற்பாள். தனக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டு நிற்பாள். தெரியாமல் யாராவது அந்த இடத்தில் போய் நின்றால், தோளைத் தொட்டு நகர்த்துவாள். படித்துக்கொண்டிருக்கும்போது என் கண் தானாக அந்த வெற்றிடத்துக்குப் போகும். சில சமயம் அங்கே வெயில் கொஞ்சம் மங்கியதுபோல இருக்கும். சொம்புத் தண்ணீரை நானே கொண்டுவந்து வைத்திருந்தும், ‘அப்பால?’ என்று ஒரு குரல் கேட்டுவிடுமோ என்று நிறுத்தும் இடங்களை வேகமாகத் தாண்டத் தொடங்கினேன்.

ஒரு நாள் அவள் புருஷன் வந்தார். சட்டை போட்டு, தலை வாரி வந்திருந்தார். வாசலிலேயே நின்று சித்தப்பாவைக் கும்பிட்டார்.

“சாரு, காரியத்துக்கு எங்க சனம் நாள் வெச்சிட்ச்சு. இவ வேணான்றா. புள்ள உங்க ஜன்னலாண்ட நிக்கிறானாம், கத முடியாம போவ மாட்டேன்றானாம். வூட்ல அடுப்பு எரியல. சின்ன பொண்ணு பக்கத்து வூட்ல துன்னுகினு கீது. அந்தக் கதைய முடிச்சு வுட்டுருங்க சாரு. அவன் போவட்டும்.”

சித்தப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. என் பக்கம் திரும்பினார். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. வந்தவர் போன பிறகு சித்தப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. “திடீரென்று ஏன் இத்தனை பேர் வருகிறார்கள் என்று நானும் ஒரு நாள்கூடக் கேட்கவில்லையே” என்றார்.

அவளிடம் போய் உண்மையைச் சொல்லும்படி அவர் சொல்லவில்லை. நானாகத்தான் போனேன். குடிசை வாசலில் கை வேலை எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். அது நான்தான், என் கைதான், கடல் தண்ணீரும் நான் மொண்டு வந்ததுதான் என்று அழுதுகொண்டே சொன்னேன்.

அவள் என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

“மொத நாளு வெச்சது நீதான் நைனா. எனக்குத் தெரியாதா? அது நல்ல தண்ணி. அப்பால வந்தது நீ இல்ல.”

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. நான் பயத்தில் உளறுகிறேன் என்று தலையில் கை வைத்து, நெற்றியில் விபூதி பூசி அனுப்பினாள். நான் போட்ட முடிச்சு, அவிழ்க்க என் கைக்கே வரவில்லை.

கதையை முடிப்பது ஒன்றுதான் பாக்கி. அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. புத்தகத்தின் கடைசியில் அந்தப் பையன் தானே படகு கட்டி வீடு திரும்பிவிடுகிறான். வாசலில் நிற்கும் தாயை ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறான். அதை அவள் முன்னால் எப்படிப் படிப்பது?

அன்று நான் தண்ணீர் வைக்கவில்லை. சொம்பைத் தொடக்கூட இல்லை. கதை நேரத்துக்குப் புத்தகத்தோடு ஜன்னல் பக்கம் வந்தால், கட்டையில் ஈரமாக ஒரு கை பதிந்திருந்தது. கால்கள் ஓடிவிடப் பார்த்தன. எதற்காக அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. என் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். அது என் கையைவிடப் பெரிதாக இருந்தது. கடலுக்கடியில் இறந்தவர்கள் வளர்வார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் வந்து தொட்டு, நாக்கில் வைத்து, தலையசைத்தாள். நான் படித்தேன். கடைசிப் பக்கம் வந்ததும் புத்தகத்தைப் பார்த்தபடியே, அதில் இல்லாததைப் படித்தேன். பையன் படகில் ஏறினான். ஊர் தெரிகிற தூரம் வரை வந்தான். கரையில் அம்மா நிற்பதைப் பார்த்தான். பார்த்தது போதும் என்று படகைத் திருப்பிக்கொண்டு போனான். அவன் போகும்போது கடல் சாதுவாக இருந்தது. சித்தப்பாவுக்கு அந்தப் புத்தகம் மனப்பாடம். அவர் தலை நிமிரவே இல்லை.

“அப்பால?” என்று குரல் கேட்டது.

அவள்தான் கேட்டாள்.

“அவ்வளவுதான்மா. முடிஞ்சுபோச்சு” என்றேன்.

முந்தானையால் ஜன்னல் கட்டையை, குழந்தையின் முகத்தைத் துடைப்பதுபோல, ஓரமெல்லாம் துடைத்தாள். பிறகு போனாள். பக்கத்தில் இடம் விடாமல் நடந்தாள்.

குறித்த நாளில் கடற்கரையில் காரியம் நடந்தது. சித்தப்பாவும் நானும் போய்த் தள்ளி நின்றோம். ஜன்னலில் யாரும் இல்லை என்று ஆனதும் கூட்டம் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி தங்கிவிட்டது, கிளையும் பிழைத்தது. ஆள் சேர்த்த விதத்தை எழுதி அனுப்பினால் மற்ற கிளைகளுக்கும் உதவும் என்று மேலிடம் கேட்டது. ‘கடல் பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்தோம்’ என்று சித்தப்பா ஒரே வரியில் பதில் அனுப்பினார். கன்னியப்பனின் தங்கை அந்த ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றபோது, நான் எழுந்துபோய் அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து முன் பெஞ்சில் உட்கார வைத்தேன். நான் செய்ய முடிந்த பரிகாரம் அவ்வளவுதான். அவள் தமையனுக்கு அதைச் செய்திருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. கதை முடிந்த அன்று, கன்னியப்பனின் தகப்பன் கரையில் ஏற்றியிருந்த கட்டுமரத்துக்குப் பக்கத்தில் நின்று, மனைவி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவர் கடலுக்குப் போகவில்லை. சித்தப்பாவைப் பார்க்க வந்தபோது போட்டிருந்த அதே சட்டையைப் போட்டிருந்தார். அதன் வலது கை முழங்கை வரை நனைந்திருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும், எனக்கென்று ஒரு பிள்ளை பிறக்கும்வரை, அது ஏன் என்று எனக்குத் தோன்றவே இல்லை.