சிவப்பால் வெட்டிய கோழிப் பேச்சு

அப்போது நான் ஜெர்மனியின் பீலெஃபெல்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் பயிற்சி ஆசிரியை. ஆறாம் வகுப்புக்குப் பண்டைய கிரேக்க வரலாறு நடத்தக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். ஊருக்கு ஊர் வேறு விதமாய்ப் பேசிய கிரேக்கர்கள், அலெக்சாண்டரின் படைகளுக்குப் பிறகு, ஏதென்சின் பேச்சை அடியாகக் கொண்ட ஒரு பொதுமொழிக்கு மெல்ல மாறினார்கள். பெரும்பாலும் யாரும் கட்டாயப்படுத்தவில்லை. சந்தையில் விளங்க வேண்டும், அவ்வளவுதான். மற்றப் பேச்சுகள் வீட்டுக்குள் ஒடுங்கின.

எழுதும்போதே எரிச்சல் வந்தது. என் பெற்றோர் மட்டக்களப்பார். நானோ கோயிலிலும் தமிழ்ப் பள்ளியிலும் யாழ்ப்பாணத்தாரைப் போலவே பேசப் பழகியிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில், என் ஏழு வயது மகளின் கதைப் போட்டித் தாளைத் திருப்பித் தந்தார்கள். நான் எழுதிக் கொடுத்த கதை. தாய்க்கோழி குஞ்சுடன் எங்கள் மட்டக்களப்புப் பேச்சில், ‘பிறகு’க்கு ‘மறுகா’, ‘கொஞ்சம்’ என்பதற்கு ‘ஒல்லுப்போல’, ‘பிள்ளை’க்கு ‘மனே’ என்று பேசும் இடமெல்லாம் சிவப்பால் வெட்டியிருந்தது.

“தங்கச்சி, இந்த ‘மறுகா’, ‘மனே’ ஒண்டும் வேண்டாம். கொலோனில இருந்து வாற நடுவர்மாருக்கு விளங்காது. புள்ளி குறைப்பினம்,” என்றார் ஆசிரியை.

“ஓம் அக்கா,” என்று தாளை வாங்கிக்கொண்டேன்.

காரில் மகள் கேட்டாள்: “நம்மட கோழி பிழையாவா அம்மா கதைக்குது?”

இறங்கித் திரும்பிப் போனேன். “அக்கா, கோழி அப்படியே கதைக்கட்டும்.”

“பரிசு கிடைக்காட்டி என்னோட சண்டைக்கு வரக்கூடாது.”

“மறுகா வந்து சண்டை பிடிக்க மாட்டன்,” என்றேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு இரண்டு வாரம் நிம்மதியில்லை. என் வீம்புக்குப் பிள்ளையைப் பலியாக்குகிறேனோ? ஸ்பார்ட்டாவின் பழைய பேச்சின் வழிவந்த ஒரு மொழியைச் சில கிரேக்க ஊர்களில் இன்னும் பேசுகிறார்கள் என்று படித்திருந்தேன். அதையே பிடித்துக்கொண்டிருந்தேன்.

போட்டியன்று மேடையில் மகள் சொன்ன கதையில், “பருந்து மறுகா வரும், ஒல்லுப்போல பொறு மனே,” என்று கோழி அதட்ட, குஞ்சு, “பருந்துக்கும் பசிக்கும்தானே அம்மா?” என்றது. மண்டபமே சிரித்தது. முன்வரிசையில் நடுவரும் சிரித்தார்.

பரிசு இல்லை. ‘மொழி தெளிவில்லை’ என்று புள்ளித்தாளில் எழுதியிருந்தது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். தாளோடு நடுவரிடம் போனேன்.

“அண்ணன், விளங்காமலா சிரிச்சீங்க?”

அவர் மகளைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். புள்ளியை மாற்ற ஏலாது என்றார். மாற்றச் சொல்லி நான் கேட்கவேயில்லை. என் கேள்விக்கு அவர் பதில் சொல்லும்வரை அந்த இடத்தை விட்டு அசையாமல் நின்றேன்.

“விளங்கினதுதான்,” என்றார்.