இரவல் வாத்தைப் பிடிக்கத் தேவையான சாமான்கள்

ஒரு வேலையைத் தொடங்கும் முன் அதற்கான சாமான்களை வாங்கிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி என்று நினைக்கிறவன் நான். மீதிப் பாதி இதுவரை முடிந்ததில்லை. காலையில் நடக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்ததும் அன்றைக்கே தர்மபுரி போய் நடைக்கென்றே செய்த ஷூ வாங்கினேன். இப்போது அதைப் போட்டுக்கொண்டு என் மனைவி மாட்டுக்குப் புல் அறுக்கப் போகிறாள். அரசுப் பள்ளி ஒன்றில் எனக்கு எழுத்தர் வேலை. பீரோ வந்து இறங்கிய பிறகுதான் அதில் வைக்க ஏதாவது இருக்கிறதா என்று யோசிக்கிற இடம். அங்கே இருபது வருடம் குப்பை கொட்டியவனுக்குப் புத்தி வேறு எப்படிப் போகும்?

வாத்து விஷயத்திலும் அப்படித்தான் ஆனது. ஆனால் ஷூவில் தோற்றால் நஷ்டம் எனக்கு மட்டும். வாத்தில் தோற்றால் என் அக்காவை மறுபடியும் இழக்க வேண்டியிருக்கும்.

அக்கா பாப்பிரெட்டிப்பட்டியில் வாழ்க்கைப்பட்டவள். ஐந்து வருடத்துக்கு முன் மொரப்பூர் பக்கத்தில் நாங்கள் வீடு கட்டிக் குடிபோனபோது, கூடப் பிறந்தவளை எப்படி அழைக்க வேண்டுமோ அப்படி நான் அழைக்கவில்லை. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் நேரில் போய்ப் பத்திரிகை வைக்க வேண்டும். புது வீட்டு அடுப்பில் முதல் பால் காய்ச்ச வேண்டியவளே அவள்தான். நான் பத்திரிகையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கீழே கும்பிடுகிற கை பொம்மை மூன்று போட்டேன், மரியாதைக்கு. அவள் பார்த்துவிட்டாள் என்பதற்கு நீல டிக் வந்தது. அவள் வரவில்லை.

"தாம்பாளம் தூக்கறதுக்கு எந்தம்பிக்குக் கை வலிக்குதாம். அந்த வூட்டு வாசப்படிய நான் மிதிக்கறதா இல்ல" என்று சொந்தக்காரர்களிடம் சொல்லியனுப்பினாள். சொன்னபடி மிதிக்கவும் இல்லை. நான் போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அடுத்த பொங்கல், அடுத்த பொங்கல் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். தப்பு என்னுடையது என்பதால் கோபமும் எனக்குத்தான் அதிகமாக இருந்தது.

இதற்கிடையில், காவலுக்கு நல்லது, பாம்பு அண்டாது என்று யூடியூபில் ஒருவர் சொன்னதை நம்பி ஒரு ஜோடி கூஸ் வாத்து வாங்கினேன். கழுத்து நீண்ட, பெரிய, வெள்ளை வாத்து. வந்த மாதமே ஆண் வாத்தை நாய் கடித்துப் போட்டது. காவலுக்கு வந்ததைக் காவல் காக்க ஆளில்லாமல் போயிற்று. தனியாக நின்ற பெண் வாத்து நாள் முழுக்கக் கத்தியது. காரிமங்கலத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் இதைச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தேன். எதிர் வரிசையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். "எங்க வூட்ல ஆம்பள வாத்து ஒண்ணு சும்மாதான் இருக்குது" என்றாள், ரசத்தைப் பார்த்துக்கொண்டே. ஐந்து வருடத்தில் என் காதில் விழும்படி அவள் சொன்ன முதல் வார்த்தை அது.

அடுத்த வாரம் மாமா வாத்தை உரச்சாக்கில் போட்டு, தலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, பைக்கில் கொண்டுவந்து கேட்டிலேயே கொடுத்தார். "குஞ்சு பொரிச்சதும் பத்திரமாத் திருப்பிக் குடுக்கோணும்னு உங்க அக்கா சொல்லச் சொன்னா மாப்ள" என்றார். அன்றிலிருந்து இரண்டு நாளைக்கு ஒருமுறை அக்காவிடமிருந்து போன். "வாத்து சாப்புடுதா?" "சாப்புடுதுக்கா." அவ்வளவுதான் பேச்சு. வாத்தைச் சாக்காக வைத்து அவள் என்னைத்தான் விசாரிக்கிறாள் என்று எனக்குத் தெரியும். போனை வைத்ததும் வாத்துக்கு இன்னொரு கை தவிடு போடுவேன்.

பதினைந்தாம் நாள் வாத்து ஓடிப்போனது. எங்கள் ஏரியில் தண்ணீர் நிற்பதே அபூர்வம். போன மழைக்கு அது நிரம்பித் தொலைத்தது. வாத்து வேலியைத் தாண்டி, கேழ்வரகுக் கொல்லை வழியாக நடந்து போய், ஏரியின் நடுவில் குடியேறிவிட்டது. அதற்கு யாரும் பத்திரிகை வைக்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற லாரி டிரைவர். இந்தியா முழுக்கப் பார்த்தவர் என்பதால் எதற்கும் யோசனை சொல்லும் உரிமை உள்ளவர். "ஏர்கன் இருந்தா ஒரே போடாப் போடுங்க" என்றார்.

"உயிரோட வேணுங்க. இரவல் வாத்து."

"அப்ப கஷ்டந்தாங்க. சாமான் நெறைய ஆவும்."

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. வெள்ளைத்தாள் எடுத்து, மேலே 'தேவைப்படும் பொருட்கள்' என்று அடிக்கோடிட்டு எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போடாத குறையாகப் பட்டியல் தயாரித்தோம். மீன் பிடிக்கிற வீச்சு வலை. தண்ணீரில் மிதக்க லாரி ட்யூப். அது கொத்தினால் தலைக்கு ஹெல்மெட். வெளிநாட்டில் வாத்து வேட்டைக்குப் போகிறவர்கள் போடுகிற, இலை இலையாகப் படம் போட்ட பச்சைச் சட்டை. வாத்து மாதிரியே சத்தம் கொடுக்கிற ஊதல். கடைசி இரண்டும் ஆன்லைனில் வந்தன. ஊதலை வாங்கியவர்கள் அதற்கு ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார்கள். அவர்கள் எந்த ஊர் வாத்தைப் பிடித்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

பச்சைச் சட்டை மரத்தோடு மரமாக மறைந்து நிற்பதற்கானது. எங்கள் ஏரிக்கரை செம்மண். அன்றைக்கு அந்தக் கரையில் பச்சையாக இருந்தது நான் ஒருவன்தான். அங்கே நூறுநாள் வேலையில் இருந்த பெண்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். ஊதலை எடுத்து ஊதினேன். டவுன் பஸ் ஹாரன் மாதிரியே இருந்தது. வாத்து திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் வந்துவிட்டது என்று சோற்றுத் தூக்குப்போசியோடு ரோட்டுக்கு ஓடிய ஒரு பெண் திரும்பி வந்து, "ஏனுங்க, வேலவெட்டி இல்லீங்களா உங்களுக்கு?" என்று கேட்டாள். வேலைக்கு அன்று லீவு போட்டிருந்தேன் என்பதைச் சொல்லவில்லை.

பிறகு வலையை வீசினேன். அது விரிந்து விழாமல் மூட்டையாக என் காலடியிலேயே விழுந்து, கருவேலமுள்ளில் மாட்டிக்கொண்டது. அதைப் பிரித்தெடுக்க மத்தியானம் ஆனது. மறுநாள் டிரைவர் ட்யூபில் என்னை உட்கார வைத்துத் தள்ளிவிட்டார். எனக்கு நீச்சல் தெரியாது. நான் ஹெல்மெட்டோடு ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்க, வாத்து பக்கத்தில் வந்து, யார் இந்த ஆள் என்று பார்த்துவிட்டுப் போனது. எங்கள் பெண் வாத்தைக் கூடையில் தூக்கிப்போய்க் கரையில் காட்டினோம். ஆண் வாத்து இன்னும் கொஞ்சம் உள்ளே நீந்திப் போனது. "என்ன ஆம்பளையோ" என்றாள் என் மனைவி. எங்கள் இருவரில் யாரைச் சொன்னாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இத்தனை நாளும் அக்காவின் போன் வந்துகொண்டுதான் இருந்தது. "நல்லா மேயுதுக்கா" என்றேன். போட்டோ கேட்டாள். பழைய போட்டோவை அனுப்பினேன். நாலு நாள் கழித்து இன்னொன்று கேட்டாள். அதே போட்டோவை ஓரம் வெட்டி அனுப்பினேன். "சாயங்காலம் வீடியோ கால் போடறேன், வாத்தக் காட்டு" என்றாள். நெட் கிடைக்கவில்லை என்று ஒரு மெசேஜ் தட்டிக்கொண்டிருந்தேன்.

மனைவி போனைப் பிடுங்கிக்கொண்டாள். "இதையும் வாட்ஸ்அப்லயே முடிச்சிடலாம்னு பாக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டு, பரணில் கிடந்த பித்தளைத் தாம்பாளத்தை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தாள். பட்டியலில் நான் எழுத மறந்த சாமான் அது. காசு கொடுத்து வாங்க வேண்டியதும் இல்லை, ஐந்து வருடமாக வீட்டிலேயே இருந்தது.

மறுநாள் காலை பஸ்ஸில் பாப்பிரெட்டிப்பட்டி போனோம். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், ஒரு முழம் பூ. அக்கா முன்னால் தாம்பாளத்தை நீட்டினேன். "என்ன விசேஷம்?" என்றாள்.

"வாத்து ஓடிப்போச்சிக்கா. போட்டோவெல்லாம் பழசு."

அவள் தாம்பாளத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "வாத்து தொலஞ்சதுக்கு வெத்தல பாக்கு வெக்கிறவன் இந்த ஜில்லாவிலயே நீ ஒருத்தன்தான்டா" என்றாள். பிறகு, "அது இங்கிருந்தே மூணு தடவ ஓடுன கழுத. மாமா கறி போட்டுடலாம்னாரு. நாந்தான் உங்கிட்டத் தள்ளிவிட்டேன்" என்றாள். சொல்லிக்கொண்டே தாம்பாளத்தைக் கையில் வாங்கிக்கொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கும்தான். மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு, வாழைப்பழம் காயாக இருப்பதாகக் குறை சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா எங்கள் வீட்டு வாசல்படியை மிதித்தாள். எல்லா அறைக்கும் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்து, சமையலறை ஜன்னலை மேற்கே வைத்தது முட்டாள்தனம் என்றாள். யாரும் சொல்லாமலே அடுப்பில் பால் வைத்தாள். அது பொங்கி வழிந்தது. மனைவி அடுப்பைத் துடைக்கவில்லை.

மத்தியானம் ஏரிக்குப் போய் "பா பா பா" என்று அக்கா கூப்பிட்டுப் பார்த்தாள். வாத்து அவளையும் மதிக்கவில்லை. திரும்பி வந்து, வராந்தாவில் குவிந்திருந்த வலை, ட்யூப், ஹெல்மெட், பச்சைச் சட்டை எல்லாவற்றையும் பார்த்தாள். "அது புடிபடற வரைக்கும் வாராவாரம் ஞாயித்துக்கெழம வந்து பாத்துட்டுப் போறேன். பஸ்தான் நேரா இருக்குதே" என்றாள்.

அன்று சாயங்காலம் அவளும் மனைவியும் உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் வாசலில் நின்றிருந்தேன். திறந்து கிடந்த கேட் வழியாக அந்த ஆண் வாத்து தானாகவே நடந்து உள்ளே வந்தது. பெண் வாத்துக்கு வைத்த தவிட்டுச் சட்டியில் மூக்கை விட்டது. கை நீட்டினால் கழுத்து கிடைக்கும் தூரம். வலையும் பக்கத்திலேயே இருந்தது.

நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஒரு மூங்கில் குச்சியை எடுத்து வாத்தை வெளியே விரட்டினேன். அது கத்திக்கொண்டே திரும்பி என் முழங்காலுக்குக் கீழே நன்றாகக் கொத்திவிட்டு, கேழ்வரகுக் கொல்லைப் பக்கம் போனது. கேட்டை இழுத்துத் தாழ்ப்பாள் போட்டேன்.

"என்னடா அங்க சத்தம்?" என்று அக்கா உள்ளேயிருந்து கேட்டாள்.

"நாய்க்கா."

திரும்பினால் வாசல்படியில் காபி டம்ளரோடு என் மனைவி நிற்கிறாள். முழுவதையும் பார்த்திருக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து என் பொய் ஒன்றையும் அவள் சும்மா விட்டதில்லை.

"ஆமாங்க அண்ணி, நாய்தான்" என்றாள். "தொரத்திட்டாரு."