அவர் திரும்பிப் பார்த்தாரா: செம்பூரிலிருந்து தாராவிக்கு ஒரு சனிக்கிழமை

நான் தாராவிக்குப் போய் ஒரு மனிதரைக் கட்டிப்பிடித்து அழுது மன்னித்தேன் என்று செம்பூரில் மூன்று பேர் என்னிடமே சொல்லிவிட்டார்கள். ஒரு துண்டறிக்கையில் படத்தோடு அச்சாகியும் இருக்கிறது. போனது உண்மை. அழவில்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். இப்படிப்பட்ட சந்திப்புக்கு அழைக்கப்படும் வேறு யாருக்காவது பயன்படட்டும்.

சென்ற ஆண்டு காலைப் பூசை முடிந்து வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் என் கைப்பையைப் பறித்தார். வார் கையில் சிக்கியதால் விழுந்தேன். இடது மணிக்கட்டு முறிந்தது. முப்பத்தொரு ஆண்டுகள் தமிழ்ப் பூசைக்கு ஆர்கன் வாசித்தவள் நான். என் கணவரை அடக்கம் செய்த வாரத்து ஞாயிறுகூட வாசித்தேன். இப்போது இடது சுண்டுவிரல் எட்ட வேண்டிய கட்டைக்கு எட்டுவதில்லை.

பிடிபட்டவர் ஜாமீனில் இருக்கிறார். குற்றத்தை ஒப்புக்கொள்ளப்போகிறார். தண்டனை முடிவாகும் முன் என் கடிதத்தை நீதிமன்றத்தில் வைக்கலாம் என்று ஒரு கிறிஸ்தவக் குழு வந்தது. குற்றம் செய்தவரும் பாதிக்கப்பட்டவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேச வேண்டும், கெட்டதைச் சரிசெய்ய வழி தேட வேண்டும், சிறையில் தள்ளுவதோடு நீதி முடிந்துவிடாது, சட்டமும் அதற்கேற்ப மாற வேண்டும் என்பது அவர்கள் வாதம். வாதம் எனக்குப் பிடித்தது. அவர்களுடைய அவசரம் பிடிக்கவில்லை.

காலை 9.40-க்குச் செம்பூரில் மும்பை ஹார்பர் லைன் ரயில் ஏறினேன். டிக்கெட் ஐந்து ரூபாய். குர்லாவில் மேம்பாலம் ஏறி ஸ்லோ லைன் பிளாட்பாரத்துக்குப் போக எனக்குப் பன்னிரண்டு நிமிடம். முழங்கால் நன்றாக இருப்பவர்களுக்கு ஐந்து போதும். அடுத்த நிலையம் சயான். மேற்குப் பக்கம் வெளியே வந்தபோது மணி 10.15. சந்திப்பு தாராவியில் ஓர் ஆலயக் கூடத்தில்; ஆலயத்தின் பெயரை ஓர் ஆட்டோக்காரரிடம் சொன்னேன்.

"தமிழா? பைட்டுங்கம்மா. சர்ச்சு வாசல் வரைக்கும் போவாது, கட்டர் தோண்டிப் போட்டிருக்கான். நாக்கால விடுதேன், சலேகா?" என்றார் ஆட்டோக்காரர், பம்பாய் இந்தி கலந்த தமிழில்: உட்காருங்கள், சாக்கடை தோண்டியிருக்கிறது, முச்சந்தியில் இறக்கிவிடுகிறேன், சரியா என்று.

"சரி. மீட்டரப் போடுங்க."

"அதெல்லாம் நீங்க ஏறுமுன்னாடியே போட்டாச்சும்மா."

"ஏறுமுன்னாடி எதுக்குப் போட்டீங்க?"

சிரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து போட்டார். ஒன்றேகால் கிலோமீட்டர், இருபத்தாறு ரூபாய்.

ஆலயக் கூடத்தில் பேனர் கட்டியிருந்தார்கள். இரண்டு நாற்காலிகள் ஒன்றையொன்று பார்க்காமல் கேமராவைப் பார்த்துக் கிடந்தன. மேசையில் என் கடிதம். தட்டச்சு செய்து, அன்றைய தேதி போட்டு, நான் கையெழுத்திடக் கோடும் இழுத்திருந்தது. நான் அவரை மன்னிப்பதாகவும், நான் விழுந்தது அந்த மனிதருக்குத் தெரியாது என்றும் அதில் கண்டிருந்தது. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

எதிரே உட்கார்ந்த அந்த மனிதருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஒரு தாளை எடுத்து, "அன்பார்ந்த சகோதரி அவர்களே, என் செயலால் தாங்கள் அடைந்த மன வேதனைக்கு..." என்று வாசிக்கத் தொடங்கினார்.

பக்கத்தில் இருந்த அவர் மனைவி, "எழுதிக் குடுத்தத வாசிக்காதேயும். அவுக என்ன கேக்காவளோ அதுக்குப் பதிலச் சொல்லும்" என்றார். அந்தக் கூடத்தில் எனக்கு முதலில் பிடித்துப்போனது அந்தப் பெண்ணைத்தான்.

என்னிடம் ஒரே கேள்வி இருந்தது. "நான் விழுந்ததும் திரும்பிப் பாத்தீங்களா?"

ஹெல்மெட் திரும்பியதை நான் கண்ணால் பார்த்தேன். விழுந்த அதிர்ச்சியில் அப்படித் தோன்றியிருக்கும் என்று ஓராண்டாக எல்லோரும் எனக்கே எடுத்துச் சொல்கிறார்கள்.

குழுவின் பொறுப்பாளர் ஜெபராஜ் குறுக்கிட்டார். "ஆன்ட்டி, அது போலீஸ் கேக்குற கேள்வி. நாம குணமாகுறதுக்கு வந்திருக்கோம்."

"என் கை குணமாகல, ஜெபராஜ்."

அந்த மனிதர் தாளை மடித்தார். "பாத்தேம்மா. கையப் புடிச்சிட்டு ரோட்டுல கெடந்தீங்க. பால்காரன் ஒருத்தன் ஓடியாந்தான். அவன் பாத்துக்கிடுவான்னு வண்டிய முறுக்கிட்டேன்."

பால்காரர் வந்தது உண்மை. என்னைத் தூக்கி உட்காரவைத்துவிட்டுப் போய்விட்டார். காவல்துறைத் தாள்களில் அவர் இல்லை. ஆகவே இது யாரும் சொல்லிக்கொடுத்த பதிலாக இருக்க முடியாது.

"இத நான் எழுதலாமா?"

"எழுதுங்கம்மா. வக்கீல்கிட்டயும் சொன்னேன், அவருதான் அத விட்டுரச் சொன்னாரு."

"இப்பமாவது வாயத் தொறந்தீரே" என்றார் மனைவி.

கான்வென்ட்டில் எங்களுக்கு எட்டு வயதிலேயே பாவசங்கீர்த்தனத்தின் வரிசையைக் கற்றுக்கொடுத்தார்கள். பாவத்தை வாயால் சொன்ன பிறகே மன்னிப்பு. சட்டத்தைத் திருத்தக் கிளம்பிய கிறிஸ்தவர்கள் அந்த வரிசையை மாற்றி, மன்னிப்பை முதல்நாளே தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள்.

தட்டச்சுக் கடிதத்தை அடித்துவிட்டு, என் கைப்பட எழுதினேன்: "நான் விழுந்ததைப் பார்த்துவிட்டே போனார். அதைத் தாமே என்னிடம் ஒப்புக்கொண்டார். அவர் சிறைக்குப் போவதால் என் விரல் நீளப்போவதில்லை. அவரைச் சிறைக்கு அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்." முதல் வாக்கியம் வழக்குக்குக் கெடுதல், அதை மட்டும் எடுத்துவிடலாம் என்றார் ஜெபராஜ். முதல் வாக்கியம் இல்லாமல் கடைசி வாக்கியத்தை நான் எழுதியிருக்கவே மாட்டேன் என்றேன்.

வெளியே கட்டரைத் தாண்ட ஒற்றைப் பலகைதான் இருந்தது. அந்த மனிதர் முதலில் இறங்கி, என் வலது கையைப் பிடித்து அந்தப் பக்கம் சேர்த்தார். இடது கையை அவர் தொடவில்லை, கவனித்தேன். குழுவின் துண்டறிக்கையில் வந்த படம் அப்போது எடுத்தது. திரும்பும்போது நாக்காவிலிருந்து செம்பூருக்கு நேராக ஆட்டோ, நூற்றுப் பதினெட்டு ரூபாய்.

போகிறவர்கள் கடிதத்தின் நகலை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். படம் எடுக்கலாமா என்பதற்கு உங்கள் பதிலை எழுத்தில் கொடுங்கள்; நான் கொடுக்கத் தவறினேன். உங்கள் கேள்வியை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள். ஆனால் போங்கள். நீதிமன்றத்தில் அந்தக் கேள்வியை எனக்காக யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஜெபராஜ் அவர்களுக்கு: துண்டறிக்கையைத் திருத்துவீர்களா? அன்று உங்களிடம் கொடுத்த என் கடிதம் நான்கு வாக்கியங்களோடும் நீதிமன்றத்துக்குப் போகுமா? போகாது என்றால் திருப்பித் தாருங்கள். தொலைபேசியில் வேண்டாம். தாளில் எழுதி, கையெழுத்திட்டு, பதில் அனுப்புங்கள்.