அரை நட்சத்திரம்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் கைப்பேசியைச் சன்னல் விளிம்பில் சாய்த்து வைத்துவிட்டு ஒரு வீடியோ கேமுக்கு விமர்சனம் சொல்லிக்கொண்டிருந்தாள். எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய விமர்சனத்தைக் கேட்பவர்கள் அவள் வகுப்புப் பிள்ளைகள் மட்டும்தான். ஆனால் உலகமே காத்திருப்பதுபோலப் பேசுவாள். பேய் துரத்துகிற கேம். தனியாக ஆட முடியாது, கூட ஒரு பார்ட்னர் வேண்டும்.

"ஒருத்தர் பீரோவுக்குள்ள ஒளிஞ்சுக்கணும். பேய் வந்து பக்கத்துல நின்னாலும் இன்னொருத்தர் சத்தம் போடக் கூடாது. பார்ட்னர் கத்திட்டா ரெண்டு பேரும் காலி. அதனால தைரியமான ஆளா பார்த்து சேர்த்துக்கோங்க" என்று முடித்து, ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுத்தாள்.

அந்தப் பார்ட்னர் யார், எந்த ஊர், அப்பா அம்மா என்ன செய்கிறார்கள் என்று வழக்கம்போல விசாரித்தேன். "உன்னைச் சேர்த்துக்கிட்டா பேயே கேள்விக்குப் பயந்து ஓடிடும்மா" என்றாள். எனக்கும் கேம் தெரியும் என்று காட்டிக்கொள்ள, பல வருடங்களாக எல்லாரிடமும் சொல்லிச் சிரித்த கதையை எடுத்தேன். சின்ன வயதில் நான் பேய் கேம் ஆடும்போது சித்தப்பா தறிக்குழிக்குள் ஒளிந்து என் காலைப் பிடித்த கதை. நான் கத்தாமல் அவரைத் தோற்கடித்த கதை.

எங்களோடு சாப்பிட வந்திருந்த அத்தை, அப்பாவின் தங்கை, தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இந்தக் கதையைப் பலமுறை கேட்டவள்தான். இந்த முறை தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"அது உங்க சித்தப்பா இல்லடி. நான்தான்."

கீரையை ஆய்ந்து முடித்து, தண்டுகளைக் காகிதத்தில் சுருட்டிவிட்டு மீதியையும் சொன்னாள். கேட்டு ஒரு வாரமாகிறது. என் இடது கணுக்கால் இன்னும் என்னுடையதாகத் திரும்பவில்லை.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் பக்கம் பக்கமாக இரண்டு தறிகள் இருந்தன. அப்பா அவற்றைப் பின்கட்டுக்கு மாற்றிக்கொண்டபோது, நெய்பவர்கள் காலைத் தொங்கவிட்டு மிதிப்பதற்காகத் தோண்டிய குழி மட்டும் கூடத்தில் நீளமாக மிஞ்சியது. இடுப்பளவு ஆழம். அதை மண் கொட்டி மூடும் வேலையைச் சித்தப்பாவிடம் ஒப்படைத்திருந்தார்கள். அவர் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து, ஒருநாள் பாதிக் குழியின்மேல் பலகைகளை அடுக்கி, பலகைமேல் ஒரு கலர் டிவியையும் கேம் பெட்டியையும் வைத்துக் கடை திறந்துவிட்டார். மீதிப் பாதியின் விளிம்பில் பையன்கள் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் தொங்கவிட்டு ஆடினார்கள். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அப்படி உட்காருவது புதிதல்ல. கையில் ஊடை ஓட்டும் நாடாவுக்குப் பதில் ஜாய்ஸ்டிக், அவ்வளவுதான்.

சித்தப்பாவுக்குக் கேம் ஆடத் தெரியாது. புது சிடி வந்தால், அண்ணனும் நானும் முதலில் ஆடிப் பார்த்து எப்படி இருக்கிறது என்று சொல்ல வேண்டும். நாங்கள் சொல்கிறபடி, வாசலில் தொங்கும் சிலேட்டில் சாக்பீஸால் நட்சத்திரம் வரைவார். அதைப் பார்த்துத்தான் பையன்கள் வருவார்கள். அண்ணன் ஒன்பதாவது, நான் ஆறாவது. அண்ணன் கறாரான விமர்சகன். கார் ஓட்டுகிற கேம்களுக்கு இரண்டுக்குமேல் தரமாட்டான். நான் எல்லாவற்றுக்கும் ஐந்து கொடுத்து, "உனக்கு டிவிய ஆன் பண்ணாலே அஞ்சு" என்று அவனிடம் திட்டு வாங்குவேன்.

அந்த வருடக் கோடை விடுமுறையில்தான் பெயர் எழுதாத ஒரு சிடி வந்தது. பாழடைந்த ஆஸ்பத்திரி. அதற்குள் மாட்டிக்கொண்ட இரண்டு காவலாளிகள். நீலச் சட்டை அண்ணன், வெள்ளைச் சட்டை நான். தலைவிரி கோலமாக ஒரு பெண் பேய் வராந்தாவில் உலவும். ஒருவர் கதவைத் தாங்கிப் பிடித்தால்தான் இன்னொருவர் உள்ளே போகலாம். ஒருவர் செத்தால் இருவருக்கும் ஆட்டம் முடிந்தது. எல்லாவற்றையும்விட, பேய் நெருங்க நெருங்க ஜாய்ஸ்டிக் கையில் அதிரும். முதல் தடவை கரண்ட் அடிக்கிறது என்று நான் அதைக் குழிக்குள் எறிந்துவிட்டேன்.

சித்தப்பா அந்த அதிர்வில் ஒரு வியாபாரத்தைக் கண்டுபிடித்தார். "டீ குடிச்சிட்டு வரேம்பா" என்று வாசல் வழியாகப் போய், பின்கட்டு வழியாகத் திரும்பி, டிவிக்குப் பின்னால் ஒரு பலகையை நகர்த்திக் குழிக்குள் இறங்கி, அடியில் குந்திக்கொள்வார். பேய் திரையில் வரும் நேரம் பார்த்து, ஆடுகிற பையனின் காலைப் பிடிப்பார். எதிர்வீட்டுப் பையன் செருப்பைக்கூடப் போடாமல் ஓடிப்போய், அடுத்த நாள் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான். என்னையும் ஒருநாள் பிடிப்பார் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு உயிரே போனாலும் கத்துவதில்லை என்று முடிவு செய்து வைத்திருந்தேன்.

அந்த வாரம் புருஷன் ஊரான தாமலிலிருந்து அத்தை வந்திருந்தாள். உதடு வீங்கியிருந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று அம்மா எங்களிடம் சொன்னாள். அதற்கு முந்தைய முறை கை ஒடிந்து வந்தபோதும் குளியலறைதான். தாமலில் குளியலறைகள் சரியில்லை என்று நான் நம்பினேன். ஒவ்வொரு முறையும் மாமா வந்து, வாசலில் நின்று அழுது, அத்தையை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார். இந்த முறை அனுப்புவதில்லை என்று பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள். மறுபடி போனால் உயிரோடு திரும்பமாட்டாள் என்பது அவர்கள் கணக்கு. என் கணக்கு வேறு: அத்தை இனி இங்கேயே இருப்பாள், ராத்திரி என் பாயில் படுப்பாள்.

எனக்கு மாமாவைப் பிடிக்கும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வரும்போதெல்லாம் கடலை உருண்டை வாங்கி வருவார்.

அன்று மத்தியானம் சாப்பிட்டு முடித்த நேரம். அப்பா வெளியூர் போயிருந்தார். தெருமுனையில் மாமாவின் வண்டிச் சத்தம் கேட்டிருக்கிறது. எனக்குக் கேட்கவில்லை. அம்மா கை கழுவாமலே வந்து, "ரெண்டு பேரும் போய் கேம் ஆடுங்க, போங்க" என்றாள். ஆடாதே என்பதைத் தவிர அம்மா கேமைப் பற்றி வேறு எதுவும் அதுவரை சொன்னதில்லை. சித்தப்பா சன்னலைச் சாத்திவிட்டு டிவியைப் போட்டார். "நிறுத்தாம ஆடிக்கினே இருக்கணும். யார் வந்தாலும், எது நடந்தாலும் எழுந்துக்கக் கூடாது. கால் உள்ளயே இருக்கட்டும். அப்பதான் கேம் எப்டின்னு முழுசா சொல்ல முடியும்" என்றார். பிறகு, "டீ குடிச்சிட்டு வரேன்" என்று வாசல் வழியாகப் போனார்.

டீ என்றதுமே எனக்குப் புரிந்துவிட்டது. இன்றைக்கு என் முறை.

கொஞ்ச நேரத்தில் குழிக்குள் ஏதோ அசைந்தது. பிறகு என் இடது கணுக்காலை ஒரு கை பிடித்தது. நான் எதிர்பார்த்ததைவிடச் சில்லென்று இருந்தது. எலும்பின்மேல் ஒரு கண்ணாடி வளையல் உரசியது. சித்தப்பா வளையல்கூடப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாரே என்று வியந்துபோனேன். பெண் பேய் இல்லையா, அதற்கேற்ற ஏற்பாடு. கீழே குனிந்து பார்த்தால் தோற்றதாக அர்த்தம். நான் பார்க்கவில்லை.

வாசலில் அம்மாவின் குரலும் மாமாவின் குரலும் கேட்டன. "தேடிக்குங்க. வேணாம்னு யார் சொன்னா?" என்றாள் அம்மா. பின்கட்டில் பாத்திரங்கள் உருண்டன. கதவுகள் திறந்து மூடின. பிறகு மாமா கூடத்துக்குள் வந்தார்.

ஒவ்வொரு காலடிக்கும் அந்தப் பிடி இறுகியது. பேய் நெருங்கினால் ஜாய்ஸ்டிக் அதிர்கிற மாதிரியே. இது மிகவும் புத்திசாலித்தனமான ஏற்பாடு என்று எனக்குப் பட்டது.

மாமா எனக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். என் தலைமேல் கை வைத்தார்.

"இன்னாமா கேமு? இதுல நீ யாரு?"

"வெள்ளைச் சட்டை மாமா. அது பேய். நாங்க ஒளிஞ்சுக்கினு இருக்கோம்."

"ஒளிஞ்சா மட்டும் வுட்ருமா?" என்று சிரித்தார். பலகையைக் காலால் தட்டினார். "இதுக்கு அடியில இன்னா இருக்குது?"

"ஒயரு மாமா" என்றான் அண்ணன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "கை வெச்சா ஷாக் அடிக்கும். போன வாரம் சித்தப்பாவுக்கே அடிச்சுது."

அப்படி எதுவும் அடிக்கவில்லை. அண்ணன் ஏன் அளக்கிறான் என்று நினைத்தேன்.

"அத்தை எங்கடா?"

"காலைலயே செய்யாறு பஸ் ஏறிட்டாங்க மாமா."

இது அதைவிடப் பெரிய புளுகு. அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் அத்தை எனக்குத் தட்டில் ரசம் ஊற்றினாள். உண்மைக்கு மாறாக யார் பேசினாலும் திருத்திவிடும் வியாதி எனக்கு அன்றே உண்டு. "இல்லையே" என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அந்த நொடியில் குழிக்குள் இருந்த கை என் கணுக்காலை நொறுக்கிவிடுவதுபோலப் பிடித்தது. நகங்கள் தோலுக்குள் இறங்கின. அதே நேரம் திரையில் கதவு திறந்து, பேய் முழு முகத்தோடு வந்தது. கத்தல் என் தொண்டைவரை வந்துவிட்டது. அதை விட்டால் சித்தப்பா ஜெயித்துவிடுவார். பல்லைக் கடித்து வாயை மூடிக்கொண்டேன். சொல்ல வந்த சொல்லும் கத்தலோடு சேர்ந்து உள்ளேயே போய்விட்டது.

"இன்னாமா சொல்ல வந்தே?" என்று மாமா என் முகத்துக்கு நேராகக் குனிந்தார்.

"மறைக்காதீங்க மாமா, செத்துடுவேன்" என்றேன்.

என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார். என் பக்கத்தில் ஒரு காகிதப் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனார். வாசலில் வண்டி உறுமிக் கிளம்பியது. கடலை உருண்டை அன்று நன்றாக இருந்தது என்பதும் எனக்கு நினைவிருக்கிறது.

வண்டிச் சத்தம் போன பிறகும் அந்தக் கை விடவில்லை. கால் மரத்துப்போகும்வரை பிடித்துக்கொண்டே இருந்தது. ஜெயித்தது நான்தான் என்று தெரிந்தும் விடாதது போங்காட்டம் என்று நினைத்தேன்.

அன்றைக்குத் தப்பியதால் அத்தை தப்பினாள். அந்த வார முடிவில் தெருப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி அந்த உறவை முடித்துவைத்தார்கள். அவள் மறுபடி தாமலுக்குப் போகவில்லை. எங்கள் வீட்டிலேயே இருந்தாள். பிறகு வேலைக்குப் போனாள், தனி வீடு எடுத்தாள். இவ்வளவும் எனக்குத் தெரியும். அந்தக் கை யாருடையது என்பது மட்டும் தெரியாது. குடும்பத்தில் ஒவ்வொரு விசேஷத்திலும் நான் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். அத்தை மட்டும் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவாள்.

அண்ணனுக்கு அன்றைக்கே தெரியுமாம். போனில் கேட்டபோது, "எனக்கு மட்டும்தான் சொன்னாங்க" என்றான், ஏதோ பரிசு வாங்கியவன்போல. எங்களை அங்கே உட்கார வைத்தது சித்தப்பாவின் யோசனை என்றுதான் முதலில் நினைத்தேன். அதுவும் தப்பு. அம்மாவின் யோசனை. குழிக்குள் இருப்பவளை மறைக்க எங்கள் கால்கள்தான் திரை. அந்த ஆளின் இடுப்பில் கத்தி இருந்தது என்று அத்தை சொன்னாள். அந்த இடுப்பு என் தோளை உரசியிருக்கிறது.

"எங்களை எப்படிம்மா அங்க உட்கார வெச்சே?" என்று அம்மாவிடம் கேட்டேன். எனக்கு மகள் இருக்கிறாள். முகம் தெரியாத ஒரு பார்ட்னரோடு அவள் கேம் ஆடுவதற்கே தூக்கம் கெடுகிறவள் நான்.

"வேற யாரை உட்கார வெக்கறது?" என்றாள் அம்மா. கொஞ்சம் கழித்து, "உனக்குச் சொல்லியிருந்தா உன் மூஞ்சியே காட்டிக் குடுத்திருக்கும்" என்றாள். அதற்குப் பிறகும் இரண்டு பேருமே போனை வைக்கவில்லை.

அந்த மத்தியானம், மாமாவின் வண்டி போன பிறகு, சித்தப்பா தெரு ஆட்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வாசல் வழியாக ஓடி வந்தார். மூச்சு வாங்கியது. குழியிலிருந்து பின்பக்கமாக ஏறி, தெருவைச் சுற்றி வந்து, இப்போதுதான் வருகிறவர்போல நடிக்கிறார் என்று நினைத்தேன். சட்டையில் மண் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. மகா கெட்டிக்காரர். அப்போதுதான் அந்தக் கை என் காலை விட்டது. அதை நான் கவனித்தேன். ஆனால் கணக்குப் போடவில்லை.

அவர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீ சத்தம் போடலையா?" என்று கேட்டார்.

"போடலையே! தோத்துட்டீங்க" என்றேன். "கேம் சூப்பர் சித்தப்பா. கால்லயும் அதிர்றது புதுசு. வளையல் போட்டதும் நல்ல ஐடியா. நாலரை நட்சத்திரம் போடுங்க."

எதற்கும் ஐந்து கொடுக்கிறவள் நான் என்பதால் அண்ணன்கூடத் திரும்பிப் பார்த்தான். சித்தப்பா சாக்பீஸைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றார். பலகைக்கு அடியில் சத்தமே இல்லை.

"அரை எதுக்குமா குறைச்சே?" என்றார்.

"கடைசி வரைக்கும் கை நடுங்கிக்கினே இருந்துதே" என்றேன். "பேய் எதுக்கு சித்தப்பா பயப்படும்?"