எட்வின் அழித்த குறிப்புகள்

ராஜபாளையத்தில் எட்வினின் ஜெராக்ஸ் கடைக்குள்தான் ரத்ததானச் சங்கத்தின் கணினி இருந்தது. யாருக்கு என்ன வகை ரத்தம், எந்த ஊர், என்ன போன் நம்பர் என்று எல்லாவற்றையும் ஆக்சஸ் என்ற பட்டியல் மென்பொருளில் ஏற்றி, இருபது வருஷமாகப் பார்த்துக்கொண்டவர் அவர்தான்.

பழைய கணினி அடிக்கடி நின்றுபோகவே, புதிது வாங்கி, ஆக்சஸின் புதிய பதிப்புக்கு மாற்றினார். ஆங்கிலத்தில் இருந்த பெயரும் நம்பரும் ஒழுங்காக வந்தன. 'குறிப்பு' என்ற பகுதி மட்டும் வெறும் கிறுக்கலாகத் தெரிந்தது. அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருவில் அடித்தது அது. எழுத்துருவைத் தேடிப் போட்டிருந்தால் சரியாகியிருக்கும். எட்வினுக்குப் பொறுமை இல்லை. குப்பை என்று அந்தப் பகுதியையே அழித்துவிட்டார். பழைய கணினியும் எடைக்குப் போய்விட்டது.

ஒரு மத்தியானம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு. பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்கு அவசரமாக ஓ நெகட்டிவ் வேண்டும். கடையில் புதிதாகச் சேர்ந்த பியூலா பட்டியலைப் பார்த்து, வன்னியம்பட்டி சோலைச்சாமிக்குப் போன் போட்டாள். ஒரு வயதான அம்மாள் எடுத்தார்.

"சோலைச்சாமி அண்ணன் இருக்காவளா? ரத்தம் குடுக்கணும், உடனே வரச் சொல்லுங்க."

"இரும்மா" என்றவர், உடனே போனுக்குத் திரும்பினார்.

"அவன் ஆக்சிடென்ட்ல போயி ரெண்டு வருசமாச்சேம்மா. எட்வின் தம்பிதான மாலை கொண்டாந்து போட்டாரு?"

பியூலா போனைப் பக்கத்தில் இருந்த எட்வினிடம் நீட்டினாள். சோலைச்சாமி 'காலமானார்' என்று, இப்போது அழிந்துபோன அந்தக் குறிப்பில் அடித்ததே அவர்தான்.

வேறொருவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, ரத்தம் ஏறியது தெரிந்த பிறகு வன்னியம்பட்டிக்கு வண்டியை விட்டார். சோலைச்சாமியின் தாய் நாச்சியார் வாசலிலேயே நின்றிருந்தார். மகனுடைய போன் கையில்தான் இருந்தது.

"எந் தப்புதாம்மா. அந்தப் புள்ளைக்கு ஒண்ணுந் தெரியாது."

"அந்தப் பொண்ணுக்கு ரத்தம் கெடச்சுதா?"

"கெடச்சிருச்சும்மா."

"அது போதும்யா. ஆனா சோலைச்சாமி இருக்கானான்னு ஒருத்தி கேக்கவும், ஒரு நிமிசம் எனக்கே மறந்து போச்சு. உள்ள திரும்பிக் கூப்பிடப் போனேன். இன்னொரு வீட்டுக்கு இப்படிப் பண்ணிராதீய."

எட்வின் தலையாட்டினார். அழிந்த குறிப்புகளில் இன்னும் எத்தனை பேர் இறந்தவர்கள் என்று அவருக்கு நினைவில்லை. போன் போட்டுக் கேட்கவும் முடியாது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்குப் போய்விட்டு, ஊர் ஊராக நேரில் போகிறார். தெருமுனை டீக்கடையில் முதலில் விசாரித்துக்கொள்கிறார். அதன் பிறகுதான் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்.