டொக்டரிடம் நான் சொன்ன ‘இல்லை’

பலெர்மோ நகரின் வியா மக்வேதா தெருவில் ஒரு சப்பாத்துக்கடையைத் தாண்டும்போது என் தம்பி நிமலன் சட்டென்று நின்று சுவரைப் பிடித்தான். வெயில் கண்ணைக் குத்துகிறது என்றான். பிறகு குனிந்து ஓரமாக வாந்தி எடுத்தான்.

“ஒண்டுமில்லை அக்கா. சாப்பாடு ஒத்துவரேல்லை.”

அன்று நாங்கள் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை.

நிமலன் நான்கு வயதில் இலங்கையிலிருந்து அம்மா அப்பாவோடு கனடாவுக்குப் போனவன். அந்தப் பயணத்தில் எனக்கு இடமிருக்கவில்லை. நான் பின்னாளில் கலியாணம் முடித்து இத்தாலிக்கு, இந்தப் பலெர்மோவுக்கு வந்தேன். வீடுகளில் துப்புரவு வேலை செய்கிறேன். அவன் அங்கே ஐஸ் ஹொக்கி பழகி, அதையே தொழிலாக்கிக்கொண்டான். உயரம் ஐந்தடி ஐந்தங்குலம். அவனைவிட ஒரு தலை உயர்ந்தவர்கள் முழு வேகத்தில் வந்து மோதுகிற விளையாட்டு அது. ஆள் சின்னன் என்று பெரிய அணிகள் தட்டிக்கழித்தன. கடைசியில் வட இத்தாலியில் ஒரு மலையூர் அணி அவனை எடுத்தது.

கோல் அடிப்பான். அடிக்கிற அளவுக்கு உடைந்தும் போவான். தோளெலும்பு இரண்டு முறை, முழங்கால் ஒருமுறை. விலா எலும்புகளின் கணக்கு அவனுக்கே தெரியாது. இரண்டு பேருக்குக் கீழே நசுங்கிக் கிடந்தபடி அவன் மட்டையை உயர்த்திக் காட்டும் வீடியோக்களை, நான் வேலை செய்யும் வீட்டு எசமானி சிஞோராவுக்குப் பெருமையாகக் காட்டியிருக்கிறேன்.

அந்தக் குளிர்காலத்தில் அவனுக்கு இரண்டு முறை தலையில் அடி. மூளையதிர்ச்சி (மண்டையோட்டுக்குள் மூளை குலுங்கிப்போவது) என்றார்கள். ஓய்வெடுக்க, பலெர்மோவின் பிரான்காச்சோ பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தான். தெருவில் வாந்தி எடுத்தது அப்போதுதான். திரும்ப விளையாட வேண்டுமானால் நரம்பியல் மருத்துவரின் கடிதம் வேண்டும் என்று அணி சொல்லியிருந்தது.

ஆஸ்பத்திரி நடைபாதையில் காத்திருந்தபோது என் கையைப் பிடித்தான்.

“தலையிடி இருக்கோ எண்டு கேப்பினம். இல்லையெண்டு சொல்லுங்கோ அக்கா.”

“இருக்குத்தானே, தம்பி.”

“எனக்கு முப்பத்தொரு வயசு. இந்த சீசனை விட்டா ஒருத்தரும் எடுக்கமாட்டினம். வேற என்ன வேலை தெரியும் எனக்கு?”

டொக்டர் என் வயதுப் பெண். அவனுக்கு இத்தாலியன் போதாது, அவருக்கு ஆங்கிலம் போதாது. தலையிடி? தலைச்சுற்று? வாந்தி? நான் தமிழில் கேட்டேன். அவன் இல்லையென்று தலையாட்டினான். மூன்று தரமும் “நோ” என்றேன். கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், நேர்கோட்டில் நடக்கவிட்டார். நடந்தான்.

பிறகு அவர் என்னைப் பார்த்து, “வீட்டில் நீங்கள் ஏதாவது கவனித்தீர்களா?” என்று கேட்டார்.

அது மொழிபெயர்க்க வேண்டிய கேள்வியல்ல. என்னிடம் கேட்டது. அதற்கும் இல்லை என்றேன். அவர் கடிதத்தை எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தார்.

திரும்ப விளையாடத் தொடங்கிய ஐந்தாவது வாரம் கோல் வலைக்குப் பின்னால் ஒருவன் இடித்ததில் நிமலனின் தலை தடுப்புப் பலகையில் மோதியது. மூளைக்கும் அதன் மேலுறைக்கும் இடையில் இரத்தம் கசிந்து கட்டியாகிவிட்டது. மண்டையோட்டைத் திறந்து எடுத்தார்கள். செய்தி வந்ததும் ஸ்தாசியோனே சென்ட்ராலே நிலையத்தில் ரயிலேறினேன். போய்ச் சேர்ந்தபோது அவனுடைய தலை முழுக்கக் கட்டுப் போட்டிருந்தது. எல்லோரும் கையெழுத்திட்ட சட்டை ஒன்றை அணி கொடுத்துவிட்டது. அதன்பின் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

அப்பா இறந்துவிட்டார், அம்மாவுக்கு நடக்க ஏலாது. ஆகவே எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்தேன். உட்காரப் பழகினான், கரண்டி பிடிக்கப் பழகினான். இடது காலை இழுத்து இழுத்து நடக்கிறான். பழையவை நினைவிருக்கின்றன, ஆனால் அந்தக் குளிர்காலம் முழுதாக அழிந்துபோயிற்று. புதியவை ஒருநாள்கூடத் தங்குவதில்லை. இது நல்ல முன்னேற்றம் என்கிறார்கள்.

இதை வாசிக்கிற நீங்கள் யாருக்காகவாவது டொக்டர் முன்னால் உட்காரப் போகிறீர்கள் என்றால், கண்டதைச் சொல்லுங்கள். அதற்காக அந்த ஆள் உங்களோடு கதைப்பதையே விட்டுவிட்டாலும் சொல்லுங்கள்.

தன்னை விளையாட விட்டது யார் என்று அவன் ஒவ்வொரு நாளும் டொக்டரின் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வான். அந்த டொக்டரைத் திட்டத் தொடங்குவான். ஒருநாள் பொறுக்க முடியாமல் நடந்ததைச் சொன்னேன்.

“நீங்களோ அக்கா?”

“ஓம். நீ கேட்டாய். நான் சொன்னன்.”

அறையை விட்டுப் போகச் சொன்னான். அன்று என் கையால் சாப்பிடவில்லை. எனக்கு அது ஆறுதலாகக்கூட இருந்தது. மறுநாள் காலை “அக்கா, தேத்தண்ணி” என்று சிரித்தபடி கூப்பிட்டான். கொஞ்ச நேரத்தில் மறுபடி டொக்டரைத் திட்டினான். மறுபடி சொன்னேன். முகம் அதேபோல் மாறியது. மூன்றாம் நாள் சொல்லாமல் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவப் போனேன்.

இப்போது தனியாக வேலைக்குப் போகும்போதும் அவன் வேகத்தில்தான் நடக்கிறேன். பஸ்கள் தவறுகின்றன. அவனுக்கு ஒவ்வொரு காலையும் புதிதாக விடிகிறது. நான் இன்னும் அந்த டொக்டரின் அறையில்தான் இருக்கிறேன்.

இன்று காலையும் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டான்.

“இந்தப் பொம்பிளை கண்ணை மூடிக்கொண்டு எழுதிக் குடுத்திருக்கிறா. என்ன அக்கா?”

“ஓம், தம்பி,” என்றேன்.