கோழிக்குக் கேட்ட ரயில்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. இன்றைக்கு என் பெயரில் நான்கு கொழுந்து லாரிகள் ஓடுகின்றன. குன்னூர் தேயிலை ஏல ஆபீசில் எழுந்து எனக்கு நாற்காலி கொடுக்கிறார்கள். அதெல்லாம் பெரிய காரியமில்லை. எட்டு வயதில் ஒரு ரயிலையே ஏலம் கேட்டவள் நான்.

கீழ்க்கோத்தகிரிச் சரிவில் காட்டைத் திருத்தித் தேயிலை நட்டவர்கள் எங்கள் ஆட்கள். தகரக் கூரை போட்ட கோயில், ஒரு போதகர், முப்பது வீடு, அவ்வளவுதான் ஊர். லாரி வரும் சாலை கீழே பள்ளத்தில் கிடந்தது. கொழுந்தை மூட்டை கட்டித் தலையில் வைத்து இறக்குவதற்குள் உள்ளுக்குள்ளேயே சூடேறிச் சிவந்துவிடும். ஃபேக்டரிக்காரர்கள் வேண்டாம் என்று திருப்பிவிடுவார்கள். அந்த வருடம் பாதி ஊர், வந்த வழியே இறங்கிப் போய்விடலாமா என்று யோசித்தது.

குன்னூர் மலை ரயில் பாதையில் கேங்மேனாக இருந்த என் தாய்மாமன்தான் ரயில் யோசனையைச் சொன்னார். குந்தாவில் அணை வேலை முடிந்து கழித்துப்போட்ட சின்னத் தண்டவாளங்கள் மலிவாகக் கிடைத்தன. மணிக்கூண்டு கட்ட வைத்திருந்த பணத்தைச் சபையார் அதற்குத் திருப்பினார்கள். சனிக்கிழமைதோறும் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்தார்கள். மேலிருந்து சாலைவரை தண்டவாளம் இறங்கிவிட்டது. ட்ராலியும் தயார். அதைப் பிடித்து இறக்கும் இரும்புக் கயிற்றுக்குத்தான் வழியில்லை.

எங்கள் கோயிலில் அறுப்பின் பண்டிகையன்று அவரவர் விளைச்சலைக் காணிக்கை வைத்து ஏலம் விடுவார்கள். பூசணியும் முட்டைக்கோசும் போனபிறகு மாமன் எழுந்தார். ட்ராலியில் முதல் ஆளாக உட்கார்ந்து இறங்கும் உரிமையை ஏலம் விட்டார். பணமில்லாதவர்கள் பொருளாகவும் கேட்கலாம் என்றார். காலையிலேயே என் காதில் ஓதியிருந்தார்: "ஆரும் கேக்கலீன்னா நீ கேளு கண்ணு. மாமன் பாத்துக்கறேன்."

ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்தச் சரிவில் இறங்க ஆடுகூட யோசிக்கும். நான் பெஞ்சின்மேல் ஏறி நின்று, "என்ற கழுத்தறுத்தான் கோழி" என்று கத்தினேன். கழுத்தில் இறகே முளைக்காத அந்தக் கோழிதான் என் ஒரே சொத்து.

கோயிலே சிரித்தது. "கவுறு அந்துபோச்சுன்னா கோழியும் போச்சு, புள்ளையும் போச்சுங்க" என்றார் சித்தப்பா. அதற்கும் சிரித்தார்கள்.

குழந்தை கேட்டால் பெரியவர்கள் ரோசப்பட்டுக் கூட்டிக் கேட்பார்கள் என்பது மாமனின் திட்டம். யாரும் கேட்கவில்லை. கூட்டத்தை இரண்டு முறை பார்த்துவிட்டு, "கோழி ஒருதரம்... ரெண்டுதரம்..." என்று இழுத்தார். எனக்குச் சக்கரச் சத்தமே கேட்டுவிட்டது.

"என்ற தோடு."

பெண்கள் பக்கமிருந்து வந்தது குரல். கோயிலில் பாட்டுக்குத் தவிர வேறெதற்கும் வாய் திறக்காத என் அம்மா.

"அக்கா, நீ உக்காரு" என்றார் மாமன்.

"நீ ஏலத்தை முடி."

அங்கேயே கழற்றித் தட்டில் வைத்தாள். அதற்குப் பிறகு ஆண்களுக்குத் தலை நிமிரவில்லை. சித்தப்பா இரண்டு மூட்டை உருளைக்கிழங்கு தருவதாக எழுந்து சொன்னார். இன்னொருவர் கன்றுக்குட்டியைக் கொடுத்தார். சாயங்காலத்துக்குள் கயிற்றுக்கு வேண்டியது சேர்ந்துவிட்டது. நான் மட்டும் வாய் திறந்திருக்காவிட்டால் ஒரு முழம் கயிறுகூட வந்திருக்காது. இதை எந்தச் சபையிலும் சொல்வேன்.

கயிறு வந்த அன்று போதகர் ஜெபித்தார். அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு ட்ராலியில் உட்கார்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டாள். மேலே கயிற்றுச் சக்கரத்தின் பிரேக்கை மாமன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ட்ராலி முனகிக்கொண்டே இறங்கிச் சாலையோரம் போய் நின்றது. ஊரே கைதட்டியது. நான் தட்டவில்லை.

அம்மா மேலே ஏறி வந்ததும், "என்ற ரயிலை நீ புடுங்கிக்கிட்டே" என்றேன்.

"ஏன், எனக்கு ஆசை இருக்காதா?" என்று என் தலையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்தாள். மூச்சு முட்டியது. வெகுநேரம் விடவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். தோடு இருந்த இடத்தில் விளக்குமாற்று ஈர்க்கை ஒடித்துச் செருகியிருந்தாள். ரயிலில் போகிறவர்களுக்கு அப்படி ஓர் அலங்காரம் உண்டாக்கும் என்று நினைத்தேன். வீட்டுக்கு ஓடி, என் காது வளையங்களைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு ஈர்க்கு ஒடித்துச் செருகிக்கொண்டு, அடுத்த வண்டிக்கு வரிசையில் முதல் ஆளாகப் போய் நின்றேன்.